முட்டையைத் தின்னும் பூஞ்சாணம்

நட்டு ஒன்றரை மாதம்கூட ஆகாத தக்காளிச் செடி நடுப்பகலில் தொங்கிப்போய் நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாகப் பாய்ச்சுவார்கள். உரம் போடுவார்கள். பிடுங்கிப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். வேரெங்கும் ருத்ராட்சம் கோத்ததுபோல முடிச்சுகள்.

வேர்முடிச்சு நூற்புழுவின் கைவரிசை. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குட்டிப்புழு வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பெண் புழுவும் பசை போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் வெதுவெதுப்பாக இருந்தால் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

பசுமைக்குடில்களில் நிலைமை இன்னும் மோசம். கடன் வாங்கிக் குடில் போட்டவர் குடைமிளகாய்க்குப் பின் தக்காளி, மறுபடி குடைமிளகாய் என்றுதான் ஓட்டுவார். தவணை கட்ட வேண்டுமே! புழுவுக்கோ வருடம் முழுவதும் விருந்து.

கைகொடுத்து வந்த விஷங்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. போரேட் குருணைக்கு 2020 இறுதியோடு தடை. கார்போஃபியூரானுக்கு 2023இல் கடும் கட்டுப்பாடு.

இந்த இடத்தில்தான் பூஞ்சாணம் நுழைகிறது. பெரு நாட்டில் நூற்புழு முட்டைகளைத் தின்னும் பெசிலோமைசெஸ் லிலாசினஸை விஞ்ஞானிகள் 1979இல் அடையாளம் காட்டினார்கள். 2011இல் பர்பூரியோசிலியம் என்று பெயர் மாறியும் கடைகளில் பழைய பெயரே புழங்குகிறது. இதன் இழைகள் முட்டை மேல் படர்ந்து, ஓட்டைக் கரைத்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடுகின்றன. பொகோனியா என்ற இன்னொரு பூஞ்சாணமும் இதே வேலையைச் செய்கிறது.

குருணையைப்போல் தூவிவிட்டு மறுவாரம் பலன் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முடிச்சு விழுந்த வேரை இது குணப்படுத்தாது. நடுவதற்கு முன்பே மண்ணில் குடியேற வேண்டும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் வழி எளியது: ஒரு டன் மக்கிய தொழு உரத்தில் 2 கிலோ பூஞ்சாணப் பொடியைக் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் வைத்து, பாத்தியில் இட வேண்டும். வேப்பம் பிண்ணாக்கும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

வாடல் நோய்க்கென்று அதே பாத்தியில் பூஞ்சாணக்கொல்லி ஊற்றினால் எல்லாம் வீண். பொடியில் இருப்பது உயிருள்ள வித்துகள். தகரக் கூரைக் கடையில் கோடை முழுவதும் கிடந்த பாக்கெட்டில் எத்தனை மிச்சமிருக்கும்? தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குபவர்கள் குறைவு.