நீண்ட வழி, குறைந்த நேரம்

"சார், பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. விமானம் மேற்கு நோக்கிப் பறந்தால், சேர வேண்டிய ஊர் தானாகவே எதிரே வந்துவிடுமே! பயண நேரம் குறைய வேண்டாமா?"

ஆண்டுதோறும் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்விதான். விடையை ஓர் உண்மை நிகழ்ச்சியில் தேடுவோம்.

டில்லியும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவும் ஏறக்குறைய உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. உலக உருண்டையின் மேல் இரண்டுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடதுருவத்துக்கு அருகே செல்லும். நீளம் சுமார் 12,400 கி.மீ. இதுவே மிகக் குறைந்த தூரம்.

ஏர் இந்தியா நிறுவனம் 2015 டிசம்பரில் இந்நகரங்களிடையே நேரடி விமானத்தைத் தொடங்கியது. முதலில் அது மேற்கே, அட்லாண்டிக் வழியாகச் சென்றது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் வழியை மாற்றிக் கிழக்கே, பசிபிக் கடல் வழியாக அனுப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பயணம் பதினான்கரை மணி நேரத்திலேயே முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி குறைவு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றைச் சார்ந்து விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பதினான்கரை மணியில் அது கடப்பது 13,050 கி.மீ. மீதி 2,250 கி.மீ. எங்கிருந்து வந்தது? காற்று சுமந்து சென்றது!

ஓடும் ரயிலில் நாணயத்தை மேலே சுண்டினால், அது பின்னால் போய் விழுவதில்லை. நம் கையிலேயே விழுகிறது. அதுபோல ஓடுபாதையும் விமானமும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஆகவே ஊர் எதிரே வந்து நிற்பதில்லை.

ஆனால் சுழற்சிக்கு வேறொரு பங்கு உண்டு. வெப்பமண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கி உயரத்தில் செல்லும் காற்றை அது கிழக்காகத் திருப்பிவிடுகிறது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் ஆறுபோல் ஓடும் இதுவே ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். 1920களிலேயே ஜப்பானிய அறிஞர் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதியதால், வெளியுலகில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

நேரம் மட்டுமல்ல, எரிபொருளும் இதைப் பொறுத்ததே. எதிர்க்காற்று வலுத்தால் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதன் எடைக்கு ஈடாகப் பயணிகளையோ சரக்கையோ குறைக்க நேரிடலாம். அதனால்தான் புறப்படும் முன் விமானிகள் அன்றைய காற்றின் நிலையைப் பார்த்தே வழியை முடிவு செய்கிறார்கள்.

ஆக, மாணவர் நினைத்ததுபோல் பூமியின் சுழற்சி பயண நேரத்தை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் காற்றின் மூலமாக. அதுவும் அவர் நினைத்த திசைக்கு நேர்மாறாக!