கெபாயா: பழைய உடையும் இன்றைய வழக்கும்

தென்கிழக்காசிய மகளிர் உடையான கெபாயாவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய 5 நாடுகள் இதற்கெனக் கூட்டாக விண்ணப்பித்திருந்தன. பட்டியலில் இடம்பெற்றது துணியன்று; அதனைத் தைக்கும் திறனும் உடுத்தும் வழக்கமுமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நியோன்யா கெபாயாவையே சான்றாகக் கொள்வோம். நீண்ட பாஜு பாஞ்சாங்கின் இடத்தை இது 1920களை ஒட்டி மெல்லப் பிடித்தது. முன்புறம் திறந்த இவ்வுடைக்கு மரபில் பொத்தான் இல்லை. சங்கிலியால் இணைந்த 3 கெரோங்சாங் ஊசிகளே அதனைப் பூட்டுகின்றன. மெல்லிய வாயில் துணியில் தையல் இயந்திரத்தால் பூவேலை செய்து, இடையிடையே துணியை வெட்டி, விளிம்புகளை நூலால் கட்டும் முறை ‘தெபுக் லுபாங்’ எனப்படும். சற்றுத் தொலைவிலிருந்து நோக்கின் லேஸ் பின்னலோ என்று ஐயுறத் தோன்றும். கத்தரி சிறிது பிசகினும் பூ கெடும்.

மலாக்கா செட்டி மகளிரும் கெபாயா உடுத்துவோரே. தமிழ் வணிகர் வழிவந்த அச்சமூகத்தின் சமயத்தையும் மொழியையும் ஆராயும் நாம் அவர்தம் உடையையும் ஆராய்தல் வேண்டும்.

பாட்டியின் கெபாயாவைப் பேழையில் காப்பது நன்றே. ஆயினும் வாயில் துணி நாளடைவில் நைந்துவிடும். ஜீன்ஸ் காற்சட்டையோடு கெபாயா அணியும் இளையோரைக் குறைகூறுவாரும் உளர். அவ்விளையோர் புதிதாக ஒன்று தைக்கக் கொடுக்கும்போதுதான் தெபுக் லுபாங் அறிந்த கைகளுக்கு வேலை கிடைக்கிறது.