எத்தனை கிலோ தூக்கலாம்?

சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் இருக்கும் வாயு 14.2 கிலோ. வெறும் சிலிண்டரே 15 கிலோவுக்குக் குறையாது. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவைத் தாண்டும். அரிசிச் சிப்பம் 25 கிலோ. 2022-ல் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல ஆலைகள் அதை 26 கிலோவாக்கிவிட்டன. சிமென்ட் மூட்டை 50 கிலோ. இவற்றை எல்லாம் தினமும் யாரோ ஒருவர் குனிந்துதான் தூக்குகிறார். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு மருத்துவரிடம் போய், "இனிமே எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம் டாக்டர்?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. 20 கிலோவைப் பத்திரமாகத் தூக்குகிறவரே 6 கிலோவில் அடிபடலாம். சுமை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது, எப்படித் தூக்குகிறோம் என்பதும் சேர்ந்துதான் முதுகின் பாரத்தைத் தீர்மானிக்கிறது.

சட்டம் சொல்லும் அளவு

காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான சுமையைத் தூக்கவோ, சுமக்கவோ, நகர்த்தவோ யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 34-வது பிரிவிலேயே சொன்னது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1998-ல் வந்த மத்திய விதிகள் எண்ணையும் குறித்தன. உதவி இல்லாமல் ஒருவர் கையால் தூக்கும் சுமை, ஆணுக்கு 55 கிலோவையும் பெண்ணுக்கு 30 கிலோவையும் தாண்டக் கூடாது. வளரிளம் பருவத்தினரில் ஆண்களுக்கு 30 கிலோ, பெண்களுக்கு 20 கிலோ.

55 கிலோ என்ற எண் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடமிருந்து வந்தது. 1967-ல் அந்த அமைப்பு சுமையின் உச்ச எடை குறித்து ஓர் உடன்படிக்கையும், கூடவே ஒரு பரிந்துரையும் நிறைவேற்றியது. ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்பது அந்தப் பரிந்துரையில் உள்ள அளவு. உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 55 கிலோ என்பது தாண்டக் கூடாத எல்லை. அதுவரை தூக்கினால் ஆபத்தில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. 50 கிலோ சிமென்ட் மூட்டை சட்டத்துக்குள் அடங்குகிறது. நாள் முழுக்க லாரியிலிருந்து அதை இறக்கும் லோடுமேனின் முதுகுக்குள் அது அடங்குவதில்லை.

23 கிலோ எப்படி 6 கிலோ ஆகிறது?

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனமான நியோஷ், 1991-ல் திருத்தி அமைத்த ஒரு சமன்பாடு இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், பெரும்பாலான ஆரோக்கியமான தொழிலாளர்கள் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று அது தொடங்குகிறது. சுமை உடலை ஒட்டி இருக்க வேண்டும். ஏறத்தாழ இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். நல்ல கைப்பிடி வேண்டும். உடம்பைத் திருப்பக் கூடாது. அடிக்கடி தூக்கவும் கூடாது. இதில் ஒவ்வொன்று குறையும்போதும் கிலோவும் குறையும்.

தரையில் கிடக்கும் அரிசிச் சிப்பத்தைச் சமையல் மேடையில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேடைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் கிடப்பதால், கையை நீட்டி அரை மீட்டர் தள்ளித் தூக்குகிறோம். அந்தத் தூரத்துக்காகவே 23 கிலோ பாதியாகி 11.5 கிலோ ஆகிறது. தரையிலிருந்து எடுப்பதால் அது சுமார் 9 கிலோ. முக்கால் மீட்டர் உயரம் ஏற்றுவதால் 8 கிலோவுக்குச் சற்றுக் கீழே. உடம்பை 45 பாகை திருப்பி மேடையில் வைப்பதால் 6.7 கிலோ. சாக்கில் கைப்பிடி இல்லாததால் கடைசியில் 6 கிலோ. ஆனால், நம் கையில் இருப்பதோ 25 கிலோ!

அதற்காகத் தூக்கிய நொடியே முதுகு ஒடிந்துவிடாது. பரிந்துரைத்த அளவைத் தாண்டத் தாண்ட ஆபத்து கூடுகிறது என்பதே இதன் பொருள். ஸ்டூலை நகர்த்திவிட்டு, சிப்பத்தை நெஞ்சோடு அணைத்து, உடம்பைத் திருப்பாமல் காலடி மாற்றி வைத்தால், அதே அரிசிக்கான அளவு இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. அப்போதும் அது 25-ஐ எட்டாது. அதனால்தான், சிப்பத்தைத் தரையிலேயே பிரித்து டப்பாவில் அள்ளி நிரப்புவது புத்திசாலித்தனம்.

முதுகெலும்புக்குள் நடப்பது

முள்ளெலும்புகளுக்கு நடுவே வட்டுகள் இருக்கின்றன. வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். பாரம் அதிகம் விழுவது இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில். டிஸ்க் விலகல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

முதுகை நிமிர்த்தும் தசைகள் இந்த வட்டின் மையத்திலிருந்து வெறும் 5 செ.மீ. அளவு பின்னால் இருந்துகொண்டு இழுக்கின்றன. அரை மீட்டர் முன்னால் 10 கிலோவைப் பிடித்தால், அதைச் சமன்செய்ய அந்தத் தசைகள் ஏறத்தாழ 100 கிலோவுக்கான விசையோடு இழுக்க வேண்டியிருக்கும். அந்த விசை முழுவதும் வட்டை நசுக்குகிறது. குனிந்திருந்தால், உடம்பின் மேல்பாதியின் எடையும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவருக்குக்கூட இடுப்பு பிடித்துக்கொள்வது இதனால்தான்.

1999-ல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தன்னார்வலரின் வட்டுக்குள் மெல்லிய உணர்கருவியைப் பொருத்தி அழுத்தத்தை நேரடியாகவே அளந்தார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. எடை மாறவே இல்லை. தூக்கிய விதம் மட்டுமே மாறியது.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைத்திருக்கும். வளையும்போது அவற்றின் மீது இறுக்கம் அதிகம். படுக்கையிலிருந்து எழுந்த கையோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்காமல், சற்று நடமாடிவிட்டுத் தூக்குவது நல்லது.

தூக்குவது வேறு, சுமப்பது வேறு

சந்தைக்குப் போகும் பழைய வழிகளில், தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக நட்டவை பல. தலைச்சுமையோடு தனியாகப் போகிறவர் அதைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தூக்கிவிட ஆள் கிடைக்காது. சுமைதாங்கியில் இறக்கினால் குனியவே வேண்டாம். இளைப்பாறிவிட்டுத் தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு தெளிவான உடலியல் கணக்கு இருக்கிறது. நேராக நிற்கும் உடம்பின் மீது இருக்கும் சுமை முதுகெலும்பின் அச்சிலேயே இறங்குகிறது. நெம்புகோல் போல முன்னோக்கி இழுப்பதில்லை. முதுகுக்கு ஆபத்தான கட்டம், தரையிலிருந்து எடுப்பதும் தரையில் இறக்குவதும்தான். கட்டட வேலையில் சித்தாள் தலைக்கு ஜல்லிச் சட்டியை இன்னொருவர் ஏற்றிவிடுவதும் இதற்காகவே. தலைச்சுமையால் பாதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சுமந்தால் கழுத்து எலும்புகள் தேயும். சும்மாடு தலையை உறுத்தாமல் காக்கும். கழுத்தின் பாரத்தைக் குறைக்காது.

ஒரு கையில் மட்டும் சுமப்பதும் தவறு. ஒற்றைக் கையில் 10 கிலோ காய்கறிப் பை தொங்கினால் உடம்பு மறுபக்கம் சாய்ந்து சமாளிக்கும். அந்தப் பக்கத்துத் தசைகள் இறுகி வட்டை அழுத்தும். கைக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் பாரம் கணிசமாகக் குறையும். இடுப்பில் குடம் சுமப்பவர்கள், ஒரு குடத்தை நிறைப்பதற்குப் பதில் இரண்டு சின்னப் பாத்திரங்களில் எடுப்பது நல்லது.

தூக்கும் முறை

• முதலில் காலால் தள்ளியோ சற்றுச் சாய்த்தோ எடையை அறிந்துகொள்ளுங்கள். போகும் வழியில் மிதியடி, ஈரத் தரை, வாசற்படி இருக்கிறதா என்று பாருங்கள்.
• கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, சுமையை ஒட்டி நில்லுங்கள்.
• இடுப்பையும் முழங்காலையும் மடக்குங்கள். முதுகை வில்லாக வளைக்காதீர்கள்.
• சுமையை உடம்போடு அணைத்து, கால் பலத்தால் எழுங்கள். வெடுக்கென்று தூக்கக் கூடாது.
• திரும்ப வேண்டுமானால் காலடியை மாற்றுங்கள், இடுப்பை முறுக்காதீர்கள்.
• மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும்.

முழங்காலை மடக்குவது எல்லாச் சுமைக்கும் பொருந்தாது. தண்ணீர் கேன் இரண்டு காலுக்கும் நடுவே அடங்கும். அகலமான மூட்டை அடங்காது. முழங்காலுக்கு முன்னால் தள்ளியே இருக்கும். அப்போது உட்கார்ந்து தூக்கினாலும் பாரம் குறையாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். சிலிண்டரைத் தூக்கவே வேண்டாம். அதற்கென்று சக்கரம் வைத்த ஸ்டாண்டு கிடைக்கிறது.

தோளுக்கு மேலே கை நீட்டித் தூக்கும்போதும் அளவு குறைகிறது. சுமை உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில் இருந்தால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு வழிகாட்டுகிறது. தோளுக்கு மேல் கையை நீட்டித் தூக்கினால் அதே அமைப்பு சொல்லும் அளவு முறையே 5 கிலோவும் 3 கிலோவும்தான். பரணில் இருக்கும் அண்டாவை ஸ்டூல் போட்டு இறக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

யார் குறைத்துக்கொள்ள வேண்டும்?

கர்ப்பிணிகளுக்கு வயிறு முன்தள்ளுவதால் சுமையை உடம்போடு அணைக்க முடியாது. மூட்டு நாண்களும் தளர்ந்திருக்கும். தரையிலிருந்து கனமானதைத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் முதல் ஆறு வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காமல் இருப்பது பொதுவான அறிவுரை. குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முக்கலும் பிரச்சினையைப் பெரிதாக்கும். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், அண்மையில் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை (கண்புரைச் சிகிச்சை உட்பட) இருப்பவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடமே கேட்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போதே முள்ளெலும்பு நசுங்கக்கூடும்.

பிள்ளைகளுக்கு அளவு தெளிவாகவே இருக்கிறது. புத்தகப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020-ம் ஆண்டுக் கொள்கை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, பத்தாம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ. பையை இரண்டு தோளிலும் மாட்டி, முதுகோடு ஒட்டியிருக்கும்படி வாரை இறுக்க வேண்டும்.

பெல்ட் போட்டால் போதுமா?

இடுப்பு பெல்ட் ஆரோக்கியமானவருக்குக் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் அதிகமாகத் தூக்கிவிடவும் கூடும். அதைவிட, வாரத்தில் இரண்டு நாளாவது தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி செய்வது பயன் தரும். சுமையே தூக்காத முதுகு வலுவாக இருக்காது. சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகிய உடம்புதான் தாங்கும்.

பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம். ஓரிரு நாள் வேலையைக் குறைத்து, முடிந்தவரை நடமாடினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குணமாகிவிடும். உருவி விடுவது, மிதிக்கச் சொல்வது வேண்டாம். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடைகளுக்கு இடையே உணர்ச்சி இல்லாமல் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம்.

வருமுன் காக்க, வீட்டில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடிக்கடி எடுக்கும் கனமான பொருள்களைத் தரையிலிருந்தும் பரணிலிருந்தும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடையும் ஆலையும் வைத்திருப்பவர்கள் மூட்டையின் எடையைக் குறைத்து, தள்ளுவண்டியும் இடுப்பு உயரப் பலகையும் கொடுத்தால், "பாத்துத் தூக்குப்பா" என்று ஆயிரம் முறை சொல்வதைவிட அது அதிகம் காப்பாற்றும்.