பெற்றவள் மீது பழி எதற்கு?

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இத்தகைய பிள்ளையின் தாயிடம் உறவினர் கேட்கும் முதற் கேள்வி, "வயிற்றில் இருக்கும்போது நீ என்ன செய்தாய்?" என்பதே. பரவையிலும் மதுரையைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் இக்கேள்விக்கு விடை தெரியாமல் கலங்கும் தாய்மார் உளர். அவர்களுக்காக அறிவியல் தரும் விடையைச் சகோதர சகோதரிகள் அனைவரும் அறிந்துகொள்வது நலம்.

இரட்டையர் சொன்ன சாட்சி

ஆட்டிசம் எனும் இந்நிலையை 1943இல் அமெரிக்காவில் மருத்துவர் லியோ கேனர், 11 குழந்தைகளைக் கவனித்து விவரித்தார். அதன்பின் பல்லாண்டுகள், 'பாசம் காட்டாத தாயே காரணம்' என்ற கருத்து மேலைநாட்டு மருத்துவர் பலரிடமும் நிலவியது.

1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கரு பிரிந்து உருவான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. இருவகை இரட்டையரையும் வளர்த்தவர் அவரவர் தாயே. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் வளர்ப்பன்று, மரபணுவே என்பது புலனாயிற்று.

35,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, ஆட்டிசத்தோடு தொடர்புடைய 102 மரபணுக்களை அடையாளம் காட்டியது. சில மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல், விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாகத் தோன்றுபவை. வேறு சில, தாய்வழியிலும் தந்தைவழியிலும் சிறுகச் சிறுக வந்து சேர்பவை. இவற்றில் எதையும் எவரும் விரும்பித் தருவதில்லை.

உறவுக்குள் திருமணம்

தமிழகத்தில் நடைபெறும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை என 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஒவ்வொருவரிடமும் வெளித்தெரியாத குறையுள்ள மரபணுக்கள் சில உண்டு. அதன் இணையான நல்ல பிரதி அதை மூடிக் காக்கிறது. மாமன் மகளும் அத்தை மகனும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பதால், குறையுள்ள அதே பிரதி இருபுறமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரக்கூடும்.

மத்தியகிழக்கு நாடுகள், துருக்கி, பாகிஸ்தான் ஆகியவற்றில் உறவுக்குள் மணந்த குடும்பங்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் வால்ஷ் குழுவினர், ஆட்டிசம் சிலருக்கு இவ்வழியிலும் வருவதை 2008இல் காட்டினர். பிறவிக் குறைபாடுகளைப் பொதுவாக ஆராய்ந்த பிராட்ஃபோர்டு நகர ஆய்வு (2013), நூற்றுக்கு 3 ஆக இருக்கும் வாய்ப்பு இத்தகைய மணத்தில் 6 ஆகிறது என்றது. அப்போதும் 94 குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

மாமன் மகளை மணப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கட்டாயமானதன்று. குடும்பத்தில் இத்தகைய பிள்ளை ஏற்கெனவே இருந்தால், மீண்டும் உறவுக்குள் சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுவதே அறிவுடைமை. ஆனால் உறவல்லாதவரை மணந்தவர்களுக்கும் ஆட்டிசமுள்ள பிள்ளைகள் பிறக்கின்றனர். ஆதலால் இதைக் காட்டி எந்தத் தம்பதியரையும் குற்றம் சாட்டுதல் முறையன்று.

தடுப்பூசியையும் பழிக்க வேண்டாம். 12 குழந்தைகளை வைத்து 1998இல் அவ்வாறு ஐயம் கிளப்பிய கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டென்மார்க் குழந்தைகளை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டு ஆய்வும் தொடர்பேதும் காணவில்லை.

செய்ய வேண்டியது யாது?

இதை நீக்கும் மருந்து இல்லை. ஆனால் பயிற்சி உண்டு. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் எவ்வளவு விரைவில் தொடங்குகின்றனவோ அவ்வளவு நன்மை. ஓதிப் பார்ப்பது மனத்துக்கு ஆறுதல் தரலாம். அதற்காக மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 2013இல் தொடங்கிய அரசின் சிறார் நலத் திட்டத்தில் மாவட்ட இடையீட்டு மையங்கள் இதற்கென்றே அமைக்கப்பட்டன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் தேசிய நிறுவனம் ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றிருப்பதால், அடையாள அட்டை பெறவும் உரிமையுண்டு.

மாமியார்மாரே! அத்தாமாரே! மருமகளைக் கேள்வி கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்தமுறை மருத்துவரிடம் அவள் பிள்ளையைத் தூக்கிச் செல்லும்போது, நீங்களும் உடன் செல்லுங்கள்.