துபாய் விசா வந்தாச்சு, இந்திய வரி விட்டுடுமா?

வேலையை விட்டுட்டு, துபாய்ல ஃப்ரீலான்ஸ் பெர்மிட் எடுத்து குடும்பத்தோட செட்டில் ஆகப் போறீங்களா? எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்ததுமே என்ஆர்ஐ ஆயிட்டோம்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. நம்ம வருமான வரிச் சட்டம் விசாவைப் பார்க்கிறதில்ல, நாட்களைத்தான் எண்ணுது.

தொழிலுக்காகக் கிளம்புறவங்களுக்கு அந்த எண்ணிக்கை 182. ஏப்ரல் 1-லேருந்து எண்ணினா செப்டம்பர் 29-ல 182 வந்துடும். கிளம்புற நாளையும் இந்தியக் கணக்குலயே வைங்க. நவம்பர்ல ஃப்ளைட் ஏறினீங்கன்னா, மார்ச் 31 வரை அங்கே சம்பாதிக்கிற லாபத்துக்கும் இங்கே வரி உண்டு. அங்கே தனிநபர் வருமான வரியே இல்லாததால, கட்டின வரின்னு சொல்லிக் கழிச்சுக்க ஒண்ணும் இருக்காது! ஆகஸ்ட்லயே கிளம்பினாலும் தீபாவளி, பொங்கல், மச்சான் கல்யாணம்னு வந்துபோற நாளெல்லாம் இதுல சேரும்.

மனைவியோட கணக்கு தனி. பசங்க ஸ்கூலுக்காக அவங்க மார்ச் வரை இங்கேயே இருந்தா, அவங்க ரெசிடென்ட், நீங்க என்ஆர்ஐ. ஆனா அவங்களுக்கு விசா முன்னாடியே எடுத்துடாதீங்க. சாதாரண ரெசிடென்ஸ் விசா வச்சுக்கிட்டு தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல அந்த நாட்டுக்கு வெளியே இருந்தா விசா போயிடும்.

கிளம்பினதும் உங்க சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்ஆர்ஓவா மாத்தச் சொல்லி பேங்க்ல எழுதிக் கொடுத்துடுங்க.