சாரலில் நமத்த மருந்து... குழல் வெடித்தால் கை போச்சு! துப்பாக்கியில் மருந்து அளவு மாறினால் நடப்பது என்ன?

தென்காசி:-

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் சுற்றுலா பயணிகளுக்கு கொண்டாட்டம்தான். ஆனால் மலையடிவாரத்தில் பன்றி விரட்ட நாட்டுத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருப்பவருக்கு அதே சாரல் எமனாக வந்து நிற்கும்.

மேக்கரை, வடகரை, புளியரை, கடையம் பக்கம் மலையை ஒட்டி விவசாயம் பார்ப்பவர்களுக்கு காட்டுப்பன்றி தொல்லை புதிது அல்ல. ராத்திரியில் கூட்டமாக இறங்கினால் விடிவதற்குள் வயல் நாசம். கடன் வாங்கி பயிர் வைத்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில்தான் சிலர் திருட்டுத்துப்பாக்கியை தேடிப் போகிறார்கள்.

நாட்டுத்துப்பாக்கியில் போடுவது கருமருந்து. அதில் உள்ள வெடியுப்பு சரியாக மூடி வைக்காவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விசையை இழுத்தால் கேப் மட்டும் 'டப்' என்று அடிக்கும். மருந்து பிடிக்காது. மருந்து போதவில்லை போல என்று நினைத்து இன்னொரு பங்கு மருந்தையும் குண்டையும் மேலே போட்டு இடிப்பார்கள். அடுத்த தடவை இரண்டு பங்கும் ஒன்றாக பிடித்தால் குண்டு முன்னால் போவதற்குள் குழல் பின்பக்கம் பிளக்கும். சுடுபவரின் கையும் கண்ணும் இருப்பது அந்த இடத்தில்தான்.

சில சமயம் நமத்த மருந்து சில வினாடி புகைந்து, தாமதமாகவும் பிடிக்கும். 'ஏன் வெடிக்கலை?' என்று குழலுக்குள் எட்டிப்பார்ப்பவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

ரைபிள் தோட்டாவில் 4 பொருட்கள். பித்தளை கூடு, அடியில் கேப், உள்ளே புகையில்லா மருந்து, வாயில் குண்டு. கேப்பில் அடி விழுந்ததும் மருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயுவின் அழுத்தம்தான் குண்டை தள்ளுகிறது.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? வீட்டு குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு சுமார் 15 பவுண்டு. உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் .30-06 ரக தோட்டாவுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்சவரம்பு 60 ஆயிரம் பவுண்டு. அதாவது குக்கரைப் போல 4 ஆயிரம் மடங்கு! முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இது நடக்கிறது. அதனால்தான் மருந்து அளவு விளையாட்டு விஷயம் அல்ல.

'காட்டுப்பூனை' தோட்டா

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட தோட்டா கூட்டில் மறுபடி கேப், மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே தோட்டா தயாரிக்க சட்டம் அனுமதிக்கிறது. அதில் சிலர் ஒரு படி மேலே போய், கம்பெனி கூட்டின் கழுத்தை நெருக்கி சின்ன குண்டு வைப்பார்கள். அல்லது தோள்பட்டையை முன்னே தள்ளி அதிக மருந்துக்கு இடம் செய்வார்கள். எந்த கம்பெனியும் தயாரிக்காத இந்த ரகத்துக்கு 'வைல்டுகேட்' என்று பெயர். காட்டுப்பூனை என்று அர்த்தம். இப்படி பிறந்த .22-250 ரகத்தை 1965-லும், .25-06 ரகத்தை 1969-லும் ரெமிங்டன் கம்பெனியே எடுத்து விற்க ஆரம்பித்தது.

கம்பெனி ரகங்களுக்கு எவ்வளவு மருந்து என்று அச்சடித்த பட்டியல் உண்டு. காட்டுப்பூனை ரகம் பலவற்றுக்கு பட்டியலே கிடையாது. அதனால் கீழிருந்து படிப்படியாக ஏறுவதுதான் ஒரே வழி. மருந்தை நிறுப்பது 'கிரெயின்' கணக்கில். ஒரு பவுன் தங்கத்தை 123 பங்காக பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு கிரெயின். அனுபவசாலிகள் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, அரை கிரெயின் அளவுக்கு ஏற்றி ஏற்றி பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் குண்டின் வேகத்தை கருவி வைத்து அளப்பார்கள். மருந்துக்கு பொருந்தாத வேகம் வந்தால் அங்கேயே நிறுத்தம்.

கேப் தட்டையாவது, போல்ட் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பது, கூட்டின் அடி வீங்குவது இதெல்லாம் ஆபத்துக்கு அறிகுறி. ஆனால் இந்த அறிகுறி தெரியும்போதே எல்லை தாண்டியிருக்கும் என்பதுதான் கொடுமை.

குறைத்தாலும் ஆபத்து

மருந்து கூடினால்தான் ஆபத்து என்று நினைத்தால் அது தப்பு. ரொம்ப குறைந்தால் குண்டு பாதி குழலில் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த குண்டை சுட்டால் குழல் கிழியும்.

வெயிலும் கணக்கில் வரும். குளிரில் சரியாக இருந்த அளவு, உச்சி வெயிலில் சூடேறிய தோட்டாவில் எல்லை தாண்டும். கூட்டின் கழுத்தை நெருக்கும்போது பித்தளை தடித்துப்போகும். அது குண்டை இறுகப் பிடித்தாலும் அழுத்தம் எகிறும். மருந்து டப்பா மாறினாலே கணக்கை முதலில் இருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டு துப்பாக்கிக்கு சரியான அளவு நம் துப்பாக்கிக்கு சரி என்று சொல்ல முடியாது.

வெள்ளைக்காரன் போட்ட தடை

தோட்டா அளவை மாற்றுவது இந்தியாவுக்கும் பழைய கதைதான். ராணுவ தோட்டா கலகக்காரர்கள் கைக்கு போய்விடும் என்ற பயத்தில் 1907 வாக்கில் .450 ரகத்துக்கு வெள்ளைக்கார அரசு தடை போட்டது. புலி, யானை வேட்டைக்கு அந்த ரகத்தையே நம்பியிருந்த துரைமார் திண்டாடினார்கள். உடனே லண்டன் துப்பாக்கி கம்பெனிகள் .465, .470 என்று அளவை மாற்றி புது தோட்டாக்களை இறக்கின. இன்று லைசென்சு ரைபிள்களில் அதிகம் பார்க்கும் .315 ரகமும், ராணுவ ரகம் அல்லாத தோட்டா பொதுமக்களுக்கு என்ற கணக்கில் இங்கு நிலைத்ததுதான். அதன் மூலம் ஆஸ்திரியா நாட்டு மன்லிக்கர் தோட்டா.

புகையில்லா மருந்து தயாரிக்கும் இடம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியில் குன்னூர் பக்கம் அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. தொழிற்சாலை மருந்து தொகுதி தொகுதியாக அழுத்தம் பார்த்த பிறகே தோட்டாவுக்கு போகும்.

நாட்டுத்துப்பாக்கியில் என்ன இருக்கு?

இப்போது நம்ம ஊர் நாட்டுத்துப்பாக்கியை பாருங்கள். தராசு கிடையாது. வேகம் அளக்கும் கருவி கிடையாது. குழல் பல நேரம் தண்ணீர் பைப். மருந்து அளவு உள்ளங்கை கணக்கு. குண்டுக்கு பால்ரஸ். தராசும் கருவியும் வைத்திருப்பவனே பயந்து பயந்து அரை கிரெயின் ஏற்றும்போது, இங்கே 'இன்னும் கொஞ்சம் போடு' என்பது தற்கொலைக்கு சமம்.

இன்னொரு விபரீதமும் உண்டு. கருமருந்து கிடைக்காதபோது பட்டாசை பிரித்து மருந்தை கொட்டுவது. பட்டாசு மருந்து வெடிக்கச் செய்த மருந்து. குண்டை தள்ளச் செய்த மருந்து அல்ல. ரைபிள் தோட்டாவை உடைத்து புகையில்லா மருந்தை நாட்டுத்துப்பாக்கியில் போட்டால் அதைவிட மோசம். கருமருந்துக்கு செய்த குழல் அந்த அழுத்தத்தை தாங்காது.

7 வருஷம் ஜெயில்

ஆயுத சட்டம் 1959-ன்படி துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா தயாரிக்கவும் லைசென்சு வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்துக்கு பிறகு, லைசென்சு இல்லாமல் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. லைசென்சு இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே 2 முதல் 5 வருஷம் வரை சிறை. அவுட்டுக்காய் வைத்தால் வெடிபொருள் சட்டம் 1908-ம் சேர்ந்து பாயும்.

பயிர் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு தர இதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அந்த லைசென்சு, பன்றியை சுட அனுமதி ஆகாது. அது வனஉயிரின பாதுகாப்பு சட்டம் 1972-ன் கீழ் வரும் தனி விஷயம்.

'ஆரியங்காவு தாண்டினா சுடுறாங்களே' என்று சிலர் கேட்பது உண்டு. கேரளாவில் 2022-ல் உள்ளாட்சி தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்தார்கள். அது அந்த மாநில உத்தரவு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை பன்றியை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்து காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும் சுடலாம். அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும்.

எனவே பன்றி இறங்கினால் சேதமான பயிரை போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து இழப்பீடு கேட்பதே வழி. வீட்டில் பரணில் பழைய துப்பாக்கி கிடந்தால் அதை சுட்டுப்பார்க்க வேண்டாம். வருஷக்கணக்கில் உள்ளே மருந்து இடித்தபடியே இருக்கலாம். கையால் தொடாமல் போலீசுக்கு தகவல் சொல்வது நல்லது. போன பயிரை அடுத்த போகத்தில் எடுக்கலாம். போன கையை எந்த போகத்திலும் எடுக்க முடியாது.