உடம்புக்கு எவ்வளவு உப்பு போதும்?

சமையல் உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம், மீதி குளோரைடு. அதாவது 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2 கிராம் சோடியம் இருக்கும். இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் உப்பைப் பற்றிய பல வாதங்கள் தடம் புரள்கின்றன.

செல்களுக்கு வெளியே உள்ள நீரின் அளவைக் காப்பதும், நரம்புகளில் செய்தி ஓடச் செய்வதும், தசைகளை இயக்குவதும் சோடியத்தின் வேலை. ஒரு லிட்டர் ரத்தத்தில் அது 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இந்த அளவைக் காக்கும் சிறுநீரகம் மகா சிக்கனக்காரன். நாளொன்றுக்கு அது வடிகட்டும் 180 லிட்டர் திரவத்தில் உள்ள சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ வரும். அதில் மிகச் சிறு பகுதி போக மற்றதெல்லாம் மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. உணவில் உப்பு குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரந்து, சிறுநீரில் போகும் கொஞ்சத்தையும் தடுத்துவிடும்.

அதனால் ஆரோக்கியமான ஒருவருக்கு உப்புப் பற்றாக்குறை வருவது எளிதல்ல. 1930களில் இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் மெக்கான்ஸ் அதை வரவழைத்துப் பார்க்க விரும்பினார். உப்பில்லாத உணவு மட்டும் போதவில்லை. தன்னார்வலர்களைச் சூட்டில் வைத்து வியர்க்கவும் விட வேண்டியிருந்தது. நாக்கில் ருசி போயிற்று, தசைகள் இழுத்துப் பிடித்தன, சோர்வு மிகுந்தது.

மிகக் குறைந்த உப்பிலேயே வாழ்பவர்கள் அமேசான் காட்டின் யானோமாமி மக்கள். 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. அதில் இடம்பெற்ற யானோமாமிகளின் ஒரு நாள் சிறுநீரில் சோடியம் ஒரு மில்லிமோல்கூட இல்லை. அவர்களுடைய ரத்த அழுத்தம் சராசரியாக 96/61 அளவில்தான் இருந்தது. வயது ஏறியும் அது ஏறவில்லை. இதை உப்பின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது: அவர்களிடம் உடற்பருமன் இல்லை, உணவில் பொட்டாசியம் தரும் வாழைக்காய் நிறைய. ஆனாலும் உயிர்வாழ எவ்வளவு குறைந்த சோடியம் போதும் என்பதற்கு அவர்களே சாட்சி.

உடல் இயக்கத்துக்கான அடிப்படைத் தேவை நாளைக்கு 500 மில்லிகிராம் சோடியத்துக்குள் அடங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அமெரிக்க நிபுணர் குழு 2019இல் போதுமான அளவாக 1,500 மில்லிகிராமை வைத்தது. பெரியவர்கள் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குள், நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக மக்கள் உண்பதோ சராசரியாக 4,300 மில்லிகிராம் அளவில்.

உச்ச வரம்பில்தான் சர்ச்சை. பல நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு, நாளைக்கு 3 கிராமுக்குக் குறைவாகச் சோடியம் உண்பவர்களுக்கும் ஆபத்து கூடுவதாகச் சொன்னது. ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரை வைத்து ஒருவரின் பழக்கத்தைக் கணிப்பது சரியா, நோயாளிகள் முன்பே உப்பைக் குறைத்திருக்கலாமே என்பவை எதிர்க்கேள்விகள், வலுவான கேள்விகளும்கூட. 2021இல் வெளியான சீன ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆபத்தாகலாம்.

இந்துப்பும் கல் உப்பும் சோடியத்தைக் குறைக்கும் மாற்றல்ல. அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. மேலை நாடுகளில் பெருமளவு சோடியம் பாக்கெட் உணவிலும் உணவகங்களிலும் இருந்து வருகிறது. இந்தியாவிலோ பெரும்பகுதி வீட்டு அடுப்படியிலேயே சேர்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு அதற்கு மேல்.

வெயிலில் பல மணி நேரம் உழைப்பவர்களுக்கு வியர்வை வழியே சோடியம் கணிசமாகப் போகும். அவர்கள் வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதத்தினருக்கு இப்படி நேர்ந்திருந்தது. சிறுநீர் போக்கி மாத்திரை எடுக்கும் முதியோருக்கும் சோடியம் இறங்கிக் குழப்பமும் தடுமாற்றமும் வரலாம். அவர்களுக்கான உப்பின் அளவை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.